கிளச் கை ஆடினால்: ட்ரெயில் மோட்டார் சைக்கிளில் நீடில் பெயாரிங் மாற்றுவது

போன காலபோக விதைப்புக்குக் கொஞ்சம் முன்னர், நெடுங்கேணிப் பக்கமிருந்து ஓர் அண்ணை தன் பழைய ஹோண்டா 250 ட்ரெயில் மோட்டார் சைக்கிளை ஒட்டுசுட்டானில் இருக்கும் என் கராஜுக்குக் கொண்டுவந்தார். பட்டி மாடுகளைக் காட்டோரமாகத் தேடிப் போகிறவர் அவர். ஓடுவதெல்லாம் கிரவல், மணல், வாய்க்கால் கட்டு. இரண்டு வருடத்துக்குள் இரண்டு முறை கிளச் பிளேட் மாற்றியிருந்தார், ஒரு முறை கேபிளும். இருந்தும் எஞ்சின் சூடேறினால் நியூட்ரல் விழாது, கிளச் பிடித்தபடி நின்றாலும் வண்டி முன்னுக்கு இழுக்கும், மாலையில் இடக்கை மணிக்கட்டு நோகும் என்றார்.

நான் பிளேட்டைத் தொடவே இல்லை. கேபிளை மட்டும் கழற்றிவிட்டு, எஞ்சின் கவரின் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கிளச் கையை இரண்டு விரலால் பிடித்து அசைத்தேன். விழப்போகும் பாற்பல் மாதிரி ஆடியது. வருத்தம் அங்கேதான் இருந்தது. அவர் காசு செலவழித்ததெல்லாம் வேறு இடத்தில்.

இந்தச் சின்னப் பெயாரிங்கைப் பற்றி யாரும் அதிகம் கதைப்பதில்லை. ஆகவே நான் எப்படிச் செய்கிறேன் என்பதை ஒன்றும் விடாமல் எழுதுகிறேன். கையில் கொஞ்சம் பழக்கமும் ஒரு அரை நாளும் இருந்தால் வீட்டு முற்றத்திலேயே செய்துவிடலாம்.

முதலில் பெயர்க்குழப்பத்தைத் தீர்ப்போம். ஹாண்டிலில் நீங்கள் விரலால் இழுப்பது லீவர். கேபிளின் மற்ற முனை எஞ்சினில் மாட்டியிருக்கும் இரும்புத் துண்டு கிளச் கை. அந்தக் கையோடு சேர்ந்து ஒரு ஷாப்ட் கவருக்குள் இறங்கும். ஷாப்டின் அடியில் ஒரு பக்கம் வெட்டியிருக்கும். கை திரும்பும்போது அந்த வெட்டு ஒரு சிறு தண்டைத் தள்ளும், தண்டு கிளச் பிளேட்டுகளை விடுவிக்கும். ஷாப்ட் நேராக நின்று திரும்ப வேண்டும் என்பதற்காக மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக நீடில் பெயாரிங் வைத்திருப்பார்கள். குண்டுகளுக்குப் பதில் ஊசி போன்ற மெல்லிய உருளைகள் வட்டமாக நிற்கும் பெயாரிங் அது. மேல் பெயாரிங்குக்கு மேலே ஓர் ஓயில் சீல், ஓயில் வெளியே கசியாமல் தடுக்கும் றபர் வளையம். சில எஞ்சின்களில் கீழே பெயாரிங் இல்லாமல் வெறும் துளைதான் இருக்கும். சிலவற்றில் கை கவரில் இல்லாமல் கிராங்க் கேஸிலேயே நின்று, நீண்ட தண்டொன்றால் மறுபக்கம் தள்ளும். நான் சொல்வது கவருக்குள் கை நிற்கும் வகையை. மற்ற வகைக்கும் பெயாரிங் வேலை ஒன்றேதான்.

இது ஏன் தேய்கிறது என்று விளங்கினால் வேலையை அக்கறையாகச் செய்வீர்கள். சில்லில் இருக்கும் பெயாரிங் முழுச் சுற்றுச் சுற்றும். அதனால் ஓயிலும் கிறீஸும் எல்லா இடத்துக்கும் பரவும், தேய்வும் சமமாக இருக்கும். கிளச் கை அப்படியல்ல. கொஞ்சத் தூரம் போய்த் திரும்பும், அவ்வளவுதான். அதே சில ஊசிகள், அதே இடத்தில், ஒரே திசையிலிருந்து வரும் சுமையைத் தாங்குகின்றன. ஒரு நாளைக்கு எத்தனை தரம் கிளச் பிடிக்கிறோம் என்று நினைத்துப் பாருங்கள். அந்த இடத்தில் ஷாப்டிலும் பெயாரிங் ஓட்டிலும் சின்னச் சின்னக் கோடுகள் விழும். கீழ்ப் பெயாரிங்குக்கு எஞ்சின் ஓயில் தெறித்துக் கிடைக்கும். மேல் பெயாரிங்குக்கு அது குறைவு. அதன் தலைக்கு மேல் இருப்பது ஒரு றபர் உதடு மட்டும்.

எங்கள் பக்கத்தில் அந்த றபர் படும் பாடு உங்களுக்குத் தெரியும். ஆவணி புரட்டாதியில் முத்தையன்கட்டுப் பாதையில் ஒரு ட்ராக்டருக்குப் பின்னால் போய்ப் பாருங்கள், கண்ணிமையில் செம்மண் படியும். ஐப்பசி முதல் மார்கழி வரை அதே பாதையில் வெள்ளம், அச்சுக்கு மேலே தண்ணீர். பிறகு சேறு போக வேண்டும் என்று சேர்விஸ் நிலையத்தில் அழுத்தத் தண்ணீரை நேரே எஞ்சினுக்குப் பிடிக்கிறார்கள். சீலின் உதடு அந்த அழுத்தத்துக்கு நிற்காது. உள்ளே போன தண்ணீர் மேல் பெயாரிங்கில் கறள் கட்டும். கறளும் தூசும் சேர்ந்தால் அரத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரித்தான்.

சரி, உங்கள் வண்டியில் இதுதான் குறையா என்று பார்ப்பது எப்படி? எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கேபிளைக் கிளச் கையிலிருந்து கழற்றுங்கள். இப்போது லீவரை இழுத்து விடுங்கள். கேபிள் தானாக இலகுவாக ஓடினால் கேபிளில் குறை இல்லை. ஓடாமல் சிக்கினால் முதலில் கேபிளை மாற்றுங்கள், இந்தக் கட்டுரை பிறகு. கேபிள் நல்லதென்றால் கையைப் பிடித்து முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் சரித்துப் பாருங்கள். கை திரும்புவது வேறு, சரிவது வேறு. திரும்பலாம், சரியக் கூடாது. மேலும் கீழுமாக மிகக் கொஞ்சம் அசைவது பல எஞ்சின்களில் வழமை, அதற்குப் பயப்பட வேண்டாம். கையின் அடியில் எண்ணெய் கசிந்து செம்மண் களிபோல ஒட்டியிருந்தால் சீல் போய்விட்டது. கையை மெதுவாகத் திருப்பும்போது கரகரவென்று விரலுக்குத் தெரிந்தால் ஊசிகள் கறள் பிடித்துவிட்டன.

அந்த அண்ணைக்கு நியூட்ரல் விழாமல் போனதற்குக் காரணம் இந்தச் சரிவுதான். லீவரை இழுக்கும்போது கேபிள் வரும் தூரத்தில் ஒரு பங்கு ஷாப்டைச் சரிப்பதிலேயே போய்விடும். மிச்சத் தூரம் பிளேட்டுகளை முழுதாக விடுவிக்கப் போதாது. விடுபடாத பிளேட் உரசி உரசித் தேயும். புதுப் பிளேட் போட்டால் சில மாதம் சமாளிக்கும், பிறகு பழைய கதை.

சாமான்கள்: இரண்டு நீடில் பெயாரிங், ஓர் ஓயில் சீல், வலப்பக்கக் கவரின் காஸ்கெட், எஞ்சின் ஓயில். இவை நான்கையும் கையில் வைத்துக்கொண்டுதான் எஞ்சினைத் திறக்க வேண்டும். வண்டியின் பாக நம்பர் தெரிந்தால் அதைச் சொல்லி வாங்குங்கள். பழைய ஜப்பான் வண்டிகளுக்கு இங்கே கடையில் அந்தப் பெட்டி கிடைக்காமல் போகலாம். அப்போது மட்டும் கவரை முதலில் கழற்றி, பழைய பெயாரிங்கின் விளிம்பில் அடித்திருக்கும் எழுத்தைப் படியுங்கள். பெரும்பாலும் எச்கே (HK) என்று தொடங்கி நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் ஷாப்டின் விட்டம், கடைசி இரண்டு பெயாரிங்கின் உயரம், இரண்டும் மில்லிமீற்றரில். எச்கே 1210 என்றால் 12 மில்லிமீற்றர் ஷாப்ட், 10 மில்லிமீற்றர் உயரம், வெளி விட்டம் 16. எச்கே 1010 என்றால் ஷாப்ட் 10, உயரம் 10, வெளி விட்டம் 14. வெளி விட்டத்தை நம்பரில் எழுத மாட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். எச்கே 1212 என்ற பெயாரிங்கின் உள் விட்டமும் அதே 12தான், ஆனால் வெளி விட்டம் 18. நம்பரில் ஒரு இலக்கம் மாறியதைப் பார்க்காமல் வாங்கி வந்தால் துளைக்குள் போகாது. வேணியர் அளவுகோலால் அளந்து, நம்பரையும் ஒப்பிட்டு வாங்குங்கள். இந்த அளவுகள் உலகம் முழுக்க ஒன்று. ஆகவே மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடையில் இல்லாவிட்டாலும் பெயாரிங் மட்டும் விற்கும் கடையில் கிடைக்கும்.

இனி வேலை. ஓயிலை வடித்துவிடலாம். ஓயில் புதிதாக இருந்தால் நான் வடிப்பதில்லை, வண்டியை இடப்பக்கமாக நன்றாகச் சரித்து ஒரு மரத்தில் கட்டிவிடுவேன். வலப்பக்கக் கவரைத் திறந்தாலும் ஓயில் கொட்டாது. அப்படிச் சரிப்பதென்றால் பெற்றோல் திறப்பை மூடுங்கள், பற்றரியைக் கழற்றி வெளியே வையுங்கள். தண்ணீரால் குளிரும் எஞ்சினென்றால் ரேடியேட்டர் தண்ணீரையும் வடிக்க வேண்டும், ஏனென்றால் பல வண்டிகளில் தண்ணீர்ப் பம்பும் அந்தக் கவரில்தான் இருக்கும்.

கவரைத் திறக்க முதல் எஞ்சினைக் கழுவித் துடையுங்கள். திறந்த எஞ்சினுக்குள் விழும் ஒரு சிட்டிகை மண் நீங்கள் மாற்ற வந்த பெயாரிங்கைவிடப் பெரிய சேதம் செய்யும். பிரேக் பெடல், கால்மிதி, கிக்கர் இவற்றைக் கழற்றுங்கள். கிக்கர் எந்தக் கோணத்தில் நின்றது என்று ஒரு புள்ளி அடித்து வையுங்கள். கவர் போல்டுகள் எல்லாம் ஒரே நீளமல்ல. ஒரு கடதாசி மட்டையில் கவரின் உருவத்தைக் கீறி, எந்த இடத்துப் போல்டோ அந்த இடத்தில் துளையிட்டுக் குத்தி வைப்பேன். நீளப் போல்டைக் குட்டைத் துளையில் இறுக்கினால் அலுமினியம் வெடிக்கும். கவர் வர மறுத்தால் றபர் சுத்தியலால் சுற்றிவரத் தட்டுங்கள். ஸ்க்ரூ ட்ரைவரை இடுக்கில் விட்டு நெம்ப வேண்டாம், அந்தக் கீறல் வழியே வாழ்நாள் முழுக்க ஓயில் கசியும். கவரைப் பொருத்தி வைக்கும் குழாய் முளை இரண்டு இருக்கும். அவை விழுந்து தொலையாமல் எடுத்து வையுங்கள்.

கவர் கையில் வந்ததும், கிளச் கை எந்தப் பக்கம் பார்த்து நின்றது, கையைத் திரும்ப இழுக்கும் சுருள் கம்பியின் முனை எங்கே மாட்டியிருந்தது என்று போனில் ஒரு படம் எடுங்கள். ஷாப்டைப் பிடித்து வைத்திருப்பது சிலவற்றில் ஒரு சிறு முளை, சிலவற்றில் ஒரு போல்ட், சிலவற்றில் தள்ளும் தண்டே. அதை எடுத்துவிட்டால் ஷாப்ட் மேலே வரும். ஷாப்டைத் துடைத்து, ஊசிகள் ஓடிய இடத்தில் விரல் நகத்தை மேலிருந்து கீழாகவும் வட்டமாகவும் ஓட்டுங்கள். நகம் எங்கேயாவது தடுக்கினால் ஷாப்டும் மாற்ற வேண்டியதுதான். தடம் விழுந்த ஷாப்டில் புதுப் பெயாரிங் போடுவது புதுச் செருப்பை முள்ளில் வைப்பது மாதிரி. அந்த அண்ணையின் ஷாப்ட் தப்பியிருந்தது.

இப்போது கடினமான இடம். சீலை நெம்பி எடுப்பது இலகு. அதன் பிறகு மேல் பெயாரிங் துளைக்குள் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று வேணியரின் வாலால் அளந்து எழுதுங்கள். கீழ்ப் பெயாரிங்கையும் அப்படியே. இந்த இரண்டு எண்ணையும் எழுதாமல் பெயாரிங்கைக் கழற்றினால், பூட்டும்போது சீலுக்கு இடம் இருக்குமா என்று ஊகிக்க வேண்டி வரும்.

அடுத்தது சூடு. அலுமினியம் சூட்டில் விரிவது இரும்பு விரிவதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. கவரைக் கொதிநீரில் போட்டால் 16 மில்லிமீற்றர் துளை பெயாரிங்கைவிட மில்லிமீற்றரில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு கூடுதலாக விரியும். கேட்க ஒன்றுமில்லாதது போல இருக்கும், ஆனால் இறுக்கமாக அடித்து வைத்த பெயாரிங்குக்கு அதுதான் விடுதலை. சிலர் காஸ் தீயை நேரே பிடிக்கிறார்கள். நான் அதைச் செய்ய மாட்டேன். ஒரு பக்கம் மட்டும் சூடேறிக் கவர் வளையும், எவ்வளவு சூடு என்றும் தெரியாது. பொங்கல் வைக்கும் அளவுப் பெரிய பானையில் தண்ணீர் கொதிக்கவைத்து, கவரை முழுதாக அமிழ்த்திப் பத்து நிமிடம் விடுங்கள். தண்ணீர் 100 பாகையைத் தாண்டாது, ஆகவே எல்லா இடமும் ஒரே சூடு, கருகும் பயமும் இல்லை. கனத்த துணியால் பிடித்து எடுத்து உடனே வேலையைத் தொடங்குங்கள்.

மேல் பெயாரிங்குக்கு உள்ளே விரிந்து பிடிக்கும் புல்லர் இருந்தால் நல்லது. இல்லாதவர்கள் ஹார்ட்வெயர் கடைக்குப் போய், கொங்கிறீட் சுவரில் பூட்டும் விரியும் போல்ட் ஒன்றை ஷாப்டின் விட்டத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பார்த்து வாங்குங்கள். அதைப் பெயாரிங்குக்குள் விட்டு நட்டை இறுக்கினால் அதன் சட்டை விரிந்து பெயாரிங்கின் கீழ் விளிம்பைக் கவ்வும். மேலே ஒரு பெரிய நட்டும் வொஷரும் போட்டு, கொறடாவால் பிடித்து, கீழிருந்து மேலாகத் தட்டினால் வந்துவிடும்.

கீழ்ப் பெயாரிங் அடைத்த துளைக்குள் இருக்கும். மறுபக்கமிருந்து தட்ட வழி இல்லை. இதற்கு என் மாமா காட்டித் தந்த வழியைத்தான் இன்றும் செய்கிறேன். தொண்ணூறுகளில் வன்னிக்குள் பெற்றோல் இல்லாமல் மோட்டார் சைக்கிள்களை மண்ணெண்ணெயில் ஓட்டிய காலம் அது. உதிரிப்பாகம் எளிதில் வராது, கருவி அதைவிட வராது. புதுக்குடியிருப்பில் ஒரு கொட்டிலுக்குள் அவர் வேலை செய்வார், நான் பக்கத்தில் விளக்குப் பிடிப்பேன். பழைய பத்திரிகைத் தாளைத் தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்குவார். அந்தக் கூழைப் பெயாரிங்கின் துளைக்குள் அடைத்து, ஷாப்டின் அளவிலேயே இருக்கும் ஓர் இரும்புத் தண்டை மேலே வைத்துச் சுத்தியலால் தட்டுவார். கூழுக்குப் போக வேறு வழி இல்லாததால் பெயாரிங்கின் அடியில் புகுந்து அதை மேலே தள்ளும். இரண்டு மூன்று தரம் கூழ் நிரப்ப வேண்டி வரும். சிலர் கிறீஸ் அடைப்பார்கள், ஆனால் நீடில் பெயாரிங்கில் கிறீஸ் ஊசிகளுக்கு நடுவே நழுவி மேலே வந்துவிடும். தாள் நழுவாது.

ஒரு எச்சரிக்கை. பெயாரிங் வராமல் அடம்பிடித்தால் பெரிய சுத்தியல் எடுக்காதீர்கள், திரும்பவும் பானைக்குள் போடுங்கள். தனியாகக் கராஜ் தொடங்கிய முதல் வருடத்தில் ஒரு மீனவரின் வண்டிக் கவரில் நான் அவசரப்பட்டு ஓங்கி அடித்தேன். பெயாரிங் நின்ற அலுமினியக் கழுத்து நீளவாக்கில் வெடித்தது. அந்த மனிதர் ஒரு வார்த்தை பேசவில்லை, கவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய கவர் ஒன்று தேடி எடுத்து வர எனக்கு ஒன்பது நாள் பிடித்தது. அந்த ஒன்பது நாளும் அவருக்கு வாடியில் தொழில் இல்லை.

பழையது வெளியே வந்ததும் துளைகளை மண்ணெண்ணெயால் கழுவி, தாள் துகள் ஒன்றும் மிஞ்சாமல் ஊதித் துடைத்து, ஓயில் ஓடும் சிறு துளைகள் திறந்திருக்கின்றனவா என்று பாருங்கள். புதுப் பெயாரிங்குகளை முதல்நாள் இரவே ஒரு பொலித்தீன் பையில் சுற்றி ஐஸ் பெட்டியில் வைத்திருக்க வேண்டும். கவர் கொதிநீரிலிருந்து, பெயாரிங் ஐஸிலிருந்து என்று இரண்டும் சந்திக்கும்போது பெயாரிங் பாதித் தூரம் தானாகவே இறங்கும்.

அதை இறக்க ஒரு தள்ளுகோல் வேண்டும். கடைச்சல் பட்டறையில் கொடுத்தால் சில நிமிடத்தில் கடைந்து தருவார்கள். முனை ஷாப்டைவிட ஒரு முடி மெல்லியதாக, பெயாரிங்குக்குள் போய் நிற்க வேண்டும். அதன் தோள் பெயாரிங்கின் வெளி விட்டத்தைவிடக் கொஞ்சம் சிறியதாக இருந்து விளிம்பில் உட்கார வேண்டும். நேரே சுத்தியலால் பெயாரிங்கைத் தட்டுவது கூடவே கூடாது. அதன் ஓடு மெல்லிய தகடு. ஓரிடத்தில் நசுங்கினால் ஊசிகள் சிக்கிவிடும், புதுப் பெயாரிங் குப்பைக்குத்தான். எழுத்து அடித்த விளிம்பு உங்களைப் பார்க்க வேண்டும், தள்ளுகோல் அந்த விளிம்பில்தான் படவேண்டும். மற்ற விளிம்பைவிட அதுதான் உறுதியானது. கீழ்ப் பெயாரிங்கை முதலில் இறக்குங்கள், ஏனென்றால் அது மேல் துளை வழியாகத்தான் போக வேண்டும். எழுதி வைத்த ஆழம் வந்ததும் நிறுத்துங்கள். அடிவரை ஓங்கி அடித்து உட்காரவைக்கத் தேவையில்லை. பிறகு மேல் பெயாரிங், அதே மாதிரி.

கவர் ஆறியதும் உள்ளே விரலை விட்டுச் சுற்றிப் பாருங்கள். எல்லா ஊசியும் உருள வேண்டும். கீழே எஞ்சின் ஓயிலைச் சொட்டுங்கள், மேலே நல்ல கிறீஸைத் தடவி ஊசிகளுக்கு நடுவே அழுத்துங்கள். சீலை, அதன் உதட்டைச் சுற்றிச் சிறு சுருள்கம்பி இருக்கும் பக்கம் எஞ்சினுக்கு உள்ளே பார்க்கும்படி வைத்து, விளிம்போடு மட்டமாகத் தள்ளுங்கள். ஷாப்டில் பல்லோ கூர் விளிம்போ இருந்தால் மேலே மெல்லிய டேப் சுற்றிக் கிறீஸ் பூசித்தான் சீலுக்குள் விடவேண்டும். சீல் உதட்டில் ஒரு கீறல் விழுந்தால் இவ்வளவு பாடும் வீண். ஷாப்ட் இறங்கியதும் கையை அசைத்துப் பாருங்கள். திரும்பும், சரியாது. அந்த உணர்வு விரலில் படும்போது எனக்கு இன்றும் சந்தோஷமாக இருக்கும்.

பழைய காஸ்கெட்டைச் சுரண்ட இரும்புக் கத்தி வேண்டாம். மூங்கில் சிராயைக் கூராக்கி எடுத்தால் அலுமினியம் கீறாது. குழாய் முளைகள், புதுக் காஸ்கெட், பிறகு கவர். கவரைத் தள்ளும்போது கிளச் கையைக் கொஞ்சம் திருப்பிப் பிடித்தால்தான் தள்ளும் தண்டு ஷாப்டின் வெட்டில் உட்காரும். போல்டை இறுக்குவதற்கு முன் விரலால் கிளச் கையைத் தள்ளிப் பாருங்கள். கிளச் ஸ்பிரிங்கின் எதிர்ப்புத் தெரிய வேண்டும். தொளதொளவென்று சுற்றினால் தண்டு இடம் மாறிவிட்டது, கவரைத் திரும்ப எடுங்கள். 6 மில்லிமீற்றர்ப் போல்டுகளை எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றில், 10 முதல் 12 நியூட்டன் மீற்றருக்கு இறுக்கினால் போதும்.

ஓயில் ஊற்றும்போது மோட்டார் சைக்கிளுக்கான, ஜாசோ எம்ஏ (JASO MA) என்று போத்தலில் போட்ட ஓயிலையே எடுங்கள். காருக்கான ஓயில்கள் சிலவற்றில் உராய்வைக் குறைக்கும் சரக்குச் சேர்த்திருப்பார்கள். ஓயிலில் குளிக்கும் கிளச் அதில் வழுக்கும்.

கடைசியாகச் சரிசெய்தல். மேலே லீவர் பக்கத்து அட்ஜஸ்டரை ஏறத்தாழ முழுதாக உள்ளே திருகிவிட்டு, கீழே எஞ்சின் பக்கத்து அட்ஜஸ்டரால் ஆட்டத்தை வையுங்கள். ஹோண்டா ட்ரெயில்களில் லீவரின் நுனி 10 முதல் 20 மில்லிமீற்றர் சும்மா அசைய வேண்டும், அதன் பிறகுதான் கிளச் விடுபடத் தொடங்க வேண்டும். ஆட்டமே இல்லாமல் இறுக்கி வைப்பவர்கள் அதிகம். அப்படி வைத்தால் பெயாரிங்கின் மேல் எந்நேரமும் சுமை நிற்கும், கிளச்சும் வழுக்கும்.

முதல் 50 கிலோமீற்றர் ஓடிவிட்டு ஆட்டத்தைத் திரும்ப அளந்து, கையின் அடியை ஒரு வெள்ளைத் துணியால் துடைத்து ஓயில் படுகிறதா என்று பாருங்கள். அந்த அண்ணை அடுத்த முறை வந்தது கார்த்திகை மழைக்குப் பிறகு, சங்கிலி இறுக்க. நான் கேட்காமலே கிளச் கையை விரலால் அசைத்துக் காட்டினார். அடியில் துணி வைத்தேன், சேறு மட்டும்தான் ஒட்டியது.